பின்சீட்டு நாற்றம்

மார்ச் 4, புதன்

முதல் மழை. காரைத் திறந்தால் மூத்திர நாற்றம் மூக்கில் அறைகிறது. என் வீட்டுக்காரர் ஒதேரா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உன் பூனை வேலைதான்." ஒருநாள் இவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனபோது பிலிபிலி பின்சீட்டில் தூங்கினாளாம். தூங்கினால் மூத்திரம் போனதாக அர்த்தமா?

மொம்பாசா துறைமுகத்தில் இறக்குமதி செய்த பழைய ஜப்பான் வண்டி. வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. வீட்டில் என்னைவிட அதற்குத்தான் மரியாதை. பதினைந்தாம் தேதி விமான நிலையத்திலிருந்து பேராயரை இவர்தான் அழைத்துவர வேண்டும். "அதுக்குள்ள நாத்தம் போகணும். இல்லன்னா பூனை போகும்" என்றார். எட்டு வருடமாக என் காலடியில் தூங்குகிறவள்.

மார்ச் 5, வியாழன்

சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். இப்போது சோப்பும் மணக்கிறது, மூத்திரமும் மணக்கிறது.

மார்ச் 7, சனி

வினிகர் ஊற்றித் துடைத்து, ஆப்ப சோடா தூவி, நான்கு கதவையும் திறந்து நல்ல வெயிலில் நிறுத்தினேன். சாயங்காலம் ஒரு வாடையும் இல்லை! சந்தோஷத்தில் பெரிய மீனாக வாங்கிப் பொரித்தேன். தலை பிலிபிலிக்கு.

மார்ச் 8, ஞாயிறு

மழை. நாற்றம் திரும்பிவிட்டது. ஐயோ, அழுகை வருகிறது. "ராத்திரி மறுபடி போயிருக்கு பாரு" என்கிறார். பூட்டின வண்டிக்குள் பூனை எப்படிப் போகும்? சாவியை வாங்கிக்கொண்டா போனாள்? கேட்டேன். "கோயிலுக்கு நேரமாச்சு" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

சீட்டுக்கு அடியில் அடுப்புக்கரி வைத்தேன். முன்னால் வாசனை அட்டை தொங்கவிட்டேன். ஒதேரா ஏறி உட்கார்ந்து, "யாரோ பூந்தோட்டத்துல ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வினிகரில் என் விரல்கள் வெடித்துக் கிடக்கின்றன. இந்த மனுஷன் ஒரு துணிகூடப் பிழிந்து தரவில்லை.

மார்ச் 12, வியாழன்

பிலிபிலியைக் காணோம்.

"கதவு திறந்திருந்துச்சு, போயிருக்கும்" என்கிறார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மார்ச் 14, சனி

பூனை போய் இரண்டு நாள் ஆயிற்று, நாற்றம் போகவில்லை. காலையில் ஸ்பானரை எடுத்து நானே பின்சீட்டைக் கழற்றினேன். தரை விரிப்பைத் தூக்கினால், அடியில் இருக்கிற தடித்த பஞ்சு முழுக்க மஞ்சள் கறை. பழைய கறை, காய்ந்து பலகையாகிவிட்டது. சீட்பெல்ட் இடுக்கில் கொத்தாக முடி. வெள்ளை முடி, சுருள் சுருளாக. நாய் முடி. என் பிலிபிலி அட்டைக் கறுப்பு!

முடியை மத்தியானம் உகாலிக் களிக்குப் பக்கத்தில், அவர் தட்டிலேயே வைத்தேன்.

ஒரு சுருளை எடுத்து இழுத்துப் பார்த்தார். "ஜப்பான்காரன் நாய் வச்சிருந்திருப்பான்போல. விக்கிறவன் சென்ட் அடிச்சு ஏமாத்திட்டான்."

"பூனை எங்க?"

"சாக்குல போட்டு... மீன் சந்தையில விட்டுட்டேன். அங்க பட்டினி கிடக்காதுன்னு..."

என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். பக்கத்து வீட்டு வானொலி நின்றது, அவ்வளவுதான். அந்தப் பஞ்சை அறுத்தெறிந்து தகரத்தைக் கழுவிக் காயவைத்தேன். நாற்றம் போயே போய்விட்டது.

மார்ச் 15, ஞாயிறு

பேராயர் வந்தார். "வண்டி புதுசா மணக்குதே ஒதேரா" என்றாராம். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சந்தைக்குப் போனேன். கிடைக்கவில்லை.

மார்ச் 18, புதன்

இன்றும் இல்லை. அலுவலகம் முடிந்து அவரும் கோட்டோடு வந்து, மீன் கூடைகளுக்கு நடுவே குனிந்து "பிலிபிலி, பிலிபிலி" என்று கூப்பிட்டார். மீன்காரிகள், "பிலிபிலியா? மிளகாய் அந்தப் பக்கம் விக்குது சார்" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

மார்ச் 21, சனி

கிடைத்தாள்! ஜெனிபா என்கிற மீன்காரியின் பலகைக்கு அடியில். உருண்டையாகிவிட்டாள். "உங்க பூனையா? ஒரு எலி பக்கத்துல வர்றதில்ல தங்கச்சி. கூப்பிட்டுப் பாருங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

கூப்பிட்டேன். வந்தாள். என் விரலை முகர்ந்தாள், கையில் தலையைத் தேய்த்தாள். தூக்கப் போனேன். அப்போது பின்னாலிருந்து இவர் சாக்கை விரித்துக்கொண்டு வந்தார். அதே சாக்கு! பார்த்ததும் பாய்ந்து ஓடியவள்தான், பிறகு எங்கள் இருவர் பக்கமும் வரவே இல்லை.

மார்ச் 28, சனி

தனியாகப் போனேன். தூரத்தில் நின்று பார்த்தாள், திரும்பிப் படுத்துக்கொண்டாள். "இனி வரமாட்டா தங்கச்சி. நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜெனிபா. வாங்கிப்போன மீனை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. கோயிலுக்குக் கிளம்பி வண்டியில் ஏறினோம். ஒரு வாடையும் இல்லை. ஒதேரா மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தார். அவருக்கு இப்போது தன் மூக்கின்மேலேயே நம்பிக்கை இல்லை.

"அபோந்தி, இன்னும் நாறுதா?"

"நாறுது" என்றேன்.

கோட்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, வாளி எடுக்கப் போனார்.