ஏரிக்கரைக்கு வீட்டோடு வருகிறோம்

குற்றாலநாதர் துணை

குற்றாலம்
12-8-64

சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு அம்மா எழுதுவது. பெங்களூரில் நீயும் மருமகள் வடிவாம்பாளும் நோய் நொடி இல்லாமல் இருக்க அம்மையும் அப்பனும் உங்கள் கூடவே நிற்கட்டும். இங்கே உன் அப்பா, நான், உன் தங்கை நாச்சியார் மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் தென்காசியிலிருந்து வராமல் குற்றாலத்திலிருந்து வருகிறதே என்று பதறாதே. கோயிலில் ஒரு அர்ச்சனை என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸில் தனியாக வந்தேன், அர்ச்சனையும் செய்தாயிற்று. நாச்சியார் பெயருக்குச் செய்யவில்லை, என் பெயருக்குத்தான் செய்தேன், எனக்குத்தான் வேண்டியிருந்தது. இப்போது மண்டபத்தில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதுகிறேன். இந்த வருஷம் சாரல் நல்ல சாரல், அருவியில் தலை கொடுக்க முடியாத கூட்டம், காற்றடிக்கும்போது மண்டபத்துக்குள்ளும் தூவுகிறது, மை ஊறிய இடத்தில் எழுத்தைக் கூட்டி வாசித்துக்கொள். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் யாருக்கும்மா எழுதுதே, தா நான் எழுதித் தாரேன் என்று நாச்சியார் கையை நீட்டுவாள். அதற்காகத்தான் இத்தனை தூரம்.

நீ நாலாந்தேதி போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நம் வீட்டில் கடிதத்தை யார் பிரிப்பது என்று உனக்கே தெரியும். அப்பாவுக்கு எழுத்து வாசிக்கக் கண் மங்கிப்போயிற்று, எனக்குத் தேவாரப் புத்தகத்தை வைத்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்துக்கூட்டு வாசிப்பு, ஒரு பக்கம் முடிப்பதற்குள் சோறு குழைந்துவிடும். அதனால் நாச்சியார் கட்டிலில் சாய்ந்துகொண்டு உரக்க வாசிப்பாள், நாங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்போம். அன்றைக்கு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அப்பாவும் டிரைவர் ஆதம் பாயும் முற்றத்தில் பயணத்துக்கென்று கட்டுகிற வண்டிக்கு ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்தாள். அண்ணன் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறான், குவார்ட்டர்ஸ் சின்னதாம், நாம் வண்டியிலேயே படுத்துக்கொள்வது வசதிதானாம், ஏரியில் படகுக்குச் சொல்லி வைத்திருக்கிறானாம் என்று வாசித்தாள். அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கேட்டீரா பாய், படகுக்கே சொல்லி வச்சிருக்கான் எம்மவன் என்றார்கள். பாய் சிரித்துக்கொண்டு, நாம வீட்டுக்கே சக்கரம் போட்டாச்சு முதலாளி, இனி பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தா ஸ்டார்ட் பண்ணிப் போயிக்கிட்டே இருக்கலாம் என்றார். நாச்சியாரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

வந்த கடிதத்தைத் தேதிப்படி கம்பியில் குத்தி வைப்பது என் வழக்கம். கேட்டேன், பொறவு தாரேம்மா என்றாள். சாயங்காலம் வேலைக்கு வருகிற பேச்சித்தாய் அவளைக் குளிப்பாட்டத் தூக்கிப் போனபோது கம்பியில் குத்தலாம் என்று நானே எடுத்தேன். பெற்ற பிள்ளையின் பெயர் எங்கே எழுதியிருந்தாலும் முதலில் கண்ணில் படுமல்லவா, படகையும் காணோம் எல்லாரையும் வரச் சொன்னதையும் காணோம், அவள் பெயர்தான் பட்டது. வடிவாம்பாளின் அப்பா அம்மா வந்து ஒரு மாதம் தங்கப் போகிறார்கள், குவார்ட்டர்ஸ் வாசலில் அந்த வண்டி வந்து நின்றால் நாலு பேர் கேட்பார்கள், நாச்சியாரை விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேர் மட்டும் ரயிலில் வாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தரம் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன், மூன்று தரமும் அதுவேதான் வந்தது. என் பிள்ளை கையெழுத்து இத்தனை அழகாக இருக்கிறதே என்றும் ஒரு நினைப்பு ஓடியது, மனசு எப்படிப்பட்டது பார். மடித்தபடியே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். நான் படித்தது அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது, தெரிந்தால் அந்த வண்டியைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு உன் பெயரையும் அந்த வாயால் சொல்லமாட்டார்கள்.

உன்னைத் திட்டத்தான் காகிதம் வாங்கினேன். எழுத உட்கார்ந்த பிறகு திட்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தால் என் காலடியில்தான் நிற்கிறது. உனக்குப் பெண் பேசப் போன அன்று சம்பந்தி ஆவுடைநாயகம் பிள்ளை, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். தரகு பேச வந்த நமசிவாயம் அண்ணாச்சி, ஒத்தைக்கு ஒரு பிள்ளைதான், வேற பிக்கல் பிடுங்கல் கிடையாது என்று சொன்னார்கள். நான் கதவுக்கு இந்தப்பக்கம் அவர்கள் கொடுத்த காப்பி டம்ளரோடு நின்றேன். ஒரு பெண்ணும் உண்டு, நாலு வயசில் காய்ச்சல் கண்டு இரண்டு காலும் விழுந்துவிட்டது, நல்ல புத்திசாலி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். சொன்னால் வீட்டில் நோவு இருக்கிறது என்று சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் ஒரு பொய்க்கு ஒன்பது பொய் ஆயிற்று. கலியாணத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மருமகள் மறுவீட்டுக்கு ஒரு நாள் வந்தாளே, அன்றைக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் பேச்சித்தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவைத்தோம். கலியாணப் பத்திரிகையில் அவள் தன் பெயரைத் தேடினாள், நான் பார்த்தேன். உன்னை ஏக குமாரன் என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சரியாத்தான் போட்டிருக்காவ, நான் குமாரத்திதானே என்று சிரித்தாள். அன்றைக்கே நான் நொறுங்கியிருக்க வேண்டும். பந்திக்கு எத்தனை இலை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இந்த இரண்டு வருஷமாகச் சுமப்பது நான் ஏற்றிவிட்ட மூட்டை, உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் இறக்கி வைக்கச் சொல்ல உரிமை உண்டு.

வண்டியைப் பற்றி நீ மனசில் என்ன நினைத்திருக்கிறாயோ தெரியவில்லை, பார்த்தால் வெட்கப்படமாட்டாய். புளியறைக்கு மரம் ஏற்றப் போய்வந்துகொண்டிருந்த நம் பழைய லாரிதான், இனிப் பாரம் தாங்காது என்று ஒதுக்கியதை அப்பா எடுத்து மேலே பலகையால் ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். அவளால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, ரயிலில் மாறி ஏறத் தூக்கும்போது சனம் சுற்றி நின்று பார்க்கிறது, அதற்காகத்தான். சித்திரையில் இதை அப்பா சொல்லி நாச்சியார் உனக்கு எழுதியபோது ஆகட்டும் பார்க்கலாம் என்றுதானே பதில் போட்டாய், அதை நம்பித்தான் நாலு மாதமாக இந்த வேலை. உள்ளே ஒரு கட்டில், படுத்தபடி வெளியே பார்க்கிற உயரத்துக்கு ஜன்னல், அவள் ஒதுங்கத் திரை போட்ட ஒரு மூலை, தண்ணீர் டின், ஸ்டவ் கவிழாமல் இருக்கச் சட்டம், ஏற்றி இறக்கச் சாய்வுப் பலகை. பலசரக்குக்கடை நல்லதம்பி தெருவில் நின்றுகொண்டு, என்ன அண்ணாச்சி, லாரிக்கு ஜன்னல் வைக்கிய, சர்க்கஸ் கம்பெனி ஆரம்பிக்கப் போறியளா என்று கேட்டிருக்கிறான். அப்பா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து இவள், ஆமா அண்ணாச்சி, புலி உள்ளதான் கெடக்கு, டிக்கெட்டு எடுத்துட்டு எட்டிப் பாருங்க என்றாளாம். இப்படிப்பட்டவளைத்தான் நாம் ஒளித்து வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலை வாரும்போது, மழையாக இருக்கிறதே, பெங்களூர்ப் பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுவோமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம்மா, அப்பா நாலு மாசமா அடிச்ச ஆணிக்காவது போவோம், அண்ணன் வீட்டுக்குப் போகாண்டாம், அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும், கரையில வண்டிய நிப்பாட்டி ஏரியப் பார்த்துட்டுத் திரும்பிருவோம், எனக்கும் ஏறி இறங்குத பாடு மிச்சம் என்றாள். குரல் ஒரு இழைகூட மாறவில்லை. நான் பின்னலைப் போட்டு முடிக்கிற வரை இரண்டு பேரும் கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ அவளுக்கு என்று தனியாக எழுதினாயே, ஊர் நடுவே ஏரி இருக்கிறது, சுற்றிலும் தோட்டமும் விளக்கும் கடலை விற்கிறவர்களும் இருக்கிறார்கள், படகு விடுகிறார்கள், நீ வந்தால் நானே தூக்கிப் படகில் உட்கார வைக்கிறேன் என்று. அந்த ஒரு கடிதத்தைக் கம்பியில் குத்த அவள் என்னிடம் கொடுக்கவே இல்லை.

ஆகையால் நாங்கள் வருகிறோம் மகனே. ஆடி கழியட்டும் என்று காத்திருக்கிறோம். புதன்கிழமை வடக்கே சூலம், அதனால் இருபத்தேழாந்தேதி வியாழக்கிழமை விடியற்காலையில் புறப்படுகிறோம். அன்று இரவு மதுரை, மறுநாள் சேலம், சனிக்கிழமை பொழுதடையப் பெங்களூர். அன்றிரவு ஆதம் பாயின் மச்சினர் வைத்திருக்கிற லாரி ஷெட்டில் வண்டி நிற்கும். மைசூர் எல்லைக்குப் பெர்மிட் வாங்கியாயிற்று. ஆறு படி அரிசியும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொள்வேன், உன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீருக்குக்கூட நிற்கமாட்டோம், உன் தெருப்பக்கமே வண்டி திரும்பாது, அப்பாவிடம் தெரு குறுகல் என்று சொல்லிவிடுவேன். சம்பந்தி நிம்மதியாக இருக்கட்டும். முப்பதாந்தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏரியில் படகு ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில், மரத்தடியில் நிற்போம். விளக்கேற்றுகிற நேரம் வரை நிற்போம். அதற்கு மேல் அப்பா கேட்டால் உனக்கு ஆலையில் அவசர வேலை வந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்லிப் பழகியவள்தானே.

யாருக்கும் தெரியாமல் ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ, அது போதும் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதமாட்டேன், அது போதாது. ஒளிந்து வந்து அவளைத் தூக்காதே. மருமகளிடம் சொல்லிவிட்டு வா. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், என் அம்மா மறைத்தாள், என்னையும் மறைக்க வைத்தாள் என்று பழியை முழுக்க என் தலையில் போடு, நிஜமும் அதுதான். சம்பந்தி கோபப்பட்டு என்னை என்ன பேச்சுப் பேசினாலும் கேட்டுக்கொள்கிறேன். வடிவாம்பாள் கூட வந்தால் அவளுக்கு என்று நார்த்தங்காய் ஊறுகாயும் கூழ் வடகமும் தனியாகக் கட்டி எடுத்து வருகிறேன். வராவிட்டால் அது அவள் மனசு, குறையாக நினைக்கமாட்டேன். நீ வந்ததும் நாச்சியாரிடம் மன்னிப்பு கின்னிப்பு என்று ஒன்றும் ஆரம்பிக்காதே, அழாதே, கடிதப் பேச்சையே எடுக்காதே. அப்பா பக்கத்தில் நிற்பார்கள், அவள் அவர்களுக்காக மாற்றி வாசித்துக் கட்டியதைக் கலைத்துவிடாதே. நேரமாச்சு ஏட்டி, படகுக்காரன் கூப்பிடுதான் என்று சொல்லித் தூக்கு. இடது பக்கம் கை கொடுத்துத் தூக்கினால் அவளுக்கு முதுகு வலிக்காது.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தவறாதே, அந்த ஊர்க் குளிருக்கு வெந்நீரில் குளி, பசி நேரத்தில் காப்பியைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் மருமகளும் குலம் தழைத்து, கண் நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் நினைவில் வை, இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. வருகிறேன் என்றும் எழுதாதே, வரமுடியாது என்றும் எழுதாதே. தபால்காரர் கொண்டுவருவதை முதலில் பிரிக்கிறவள் அவள்தான், இன்னும் ஒரு கடிதத்தை மாற்றி வாசிக்க அவளால் ஆகாது. உன் பதிலை ஏரிக்கரையில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆவுடையம்மாள்