கீழே இறங்கச் சொன்ன விசில்

மாமே,

இன்று ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, மூலையில் குவித்திருந்த நனைந்த கோணிகளிலிருந்து அந்த வாடை வந்தது. பூந்தமல்லியில் நாம் இருவரும் கோணியை நனைத்துத் தீயை அடித்துப் பழகினோமே, அதே வாடை. அரிசி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். குண்டு விழுந்தால் சனங்களைக் காப்பாற்ற ஊருக்கு இரண்டு பேரை வார்டனாகப் பழக்க வேண்டும் என்றார்கள். பருத்திப்பட்டிலிருந்து வாத்தியார் வேலை பார்க்கிற நானும், ஏர் ஓட்டுகிற நீயும் பூந்தமல்லி வகுப்புக்குப் போனோம். மணல் வாளி பிடிக்க, கட்டுப் போட, ஆளைத் தூக்கக் கற்றோம். எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம், விசில் கேட்டால் ஊர்ச்சனம் பதுங்கு குழிக்குள் இறங்கிக் காதைப் பொத்திக் குனிந்து உட்கார வேண்டும் என்பது.

நீதான் எழுந்து கேட்டாய். "சார், குண்டு வந்தா கீழ எறங்கறோம், சரி. ஏரி ஒடைச்சிக்கினு வந்தா இன்னா பண்றது?"

"அது வேற இலாகா. உக்காருய்யா," என்றார் அதிகாரி. வகுப்பே சிரித்தது, நீயும் சேர்ந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாய்.

ஊர் திரும்பிக் குழி வெட்டி, முதல் ஞாயிறு ஒத்திகைக்கு நீ விசில் ஊதியபோது ஒருத்தரும் அசையவில்லை. பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். நீ விடவில்லை. கெஞ்சினாய், திட்டினாய், வயசானவர்களைக் கையைப் பிடித்துக் குழியில் இறக்கிக் காட்டினாய். கொஞ்ச நாளில் விசில் கேட்டால், உலை வைத்தவள்கூட அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "கல்யாணப் பந்திக்குக்கூட நம்மாளு இவ்ளோ வேகமா ஓட மாட்டான் மாமே," என்று உனக்குப் பெருமை தாங்கவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி சுற்றுவட்டாரத்திலேயே நம் ஊர்தான் ஒழுங்கு என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

குண்டு வரவில்லை, அடைமழைதான் வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்தில், ஏரிக்கரை விரிசல் கண்டதைப் பார்த்துவிட்டு நீ தெருவோடு ஓடி வந்தாய். "கோயில் மேட்டுக்கு ஏறுங்க!" என்று கத்தினாய். மழை இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. ஊரை எழுப்ப வேறு வழியில்லாமல் விசிலை எடுத்து ஊதினாய். நானாக இருந்தாலும் ஊதியிருப்பேன்.

கதவுகள் திறந்தன. "ஜப்பான்காரன் வந்துட்டான்டோய்!" என்று யாரோ அலறினார்கள். எல்லோரும் நேராகக் குழிக்குத்தான் ஓடினார்கள். உள்ளே ஏற்கெனவே முழங்காலளவு தண்ணீர். அதைக்கூடப் பார்க்காமல் இறங்கி, நீ பழக்கியபடியே காதைப் பொத்திக் குனிந்து உட்கார்ந்தார்கள்.

உன் முகத்தை அப்போது பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். "ஐயோ, மேல வாங்க!" என்று நீயும் குழிக்குள் குதித்தாய். நீ தூக்கித் தூக்கிக் கொடுக்க, நான் மேலிருந்து இழுத்தேன். பாதிப் பேரை ஏற்றியிருப்போம், ஏரி வந்துவிட்டது. உன் சித்தியைத் தேடி நீ மறுபடி உள்ளே போனாய். குழியின் மண்சுவர் உன் மேலேயே சரிந்தது.

உன் சம்சாரம் சேக்காட்டில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். "மேல ஏறுறதுக்கு வேற மாதிரி ஒரு விசிலு வெச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டாள். உன் காரியம் முடிந்த கையோடு பூந்தமல்லிக்குப் போய் நானும் இதைத்தான் கேட்டேன். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். இப்போது சண்டை முடிந்து வகுப்பையே கலைத்துவிட்டார்கள். கரையில் பேருக்கு மண் கொட்டியிருக்கிறார்கள், அடுத்த பெருமழைக்குத் தாங்காது என்று ஊருக்கே தெரியும்.

நன்றாகத்தான் பழக்கிவிட்டாய், மாமே. ஆவடி ஸ்டேஷனில் கார்டு விசில் ஊதினால்கூட என் கால் இன்னும் பள்ளத்தைத்தான் தேடுகிறது.