டெல்மருக்கு நான் மாட்டிய டர்போ

ஏப்ரல் 14

எஞ்சின் புகையை வெளியே விடும் பழைய மேனிஃபோல்டைக் கழற்றினேன். பன்னிரண்டு போல்ட்டில் இரண்டு முறிந்து எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டன. முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்து, சூடு ஆறுவதற்குள் திருப்பினால் வந்துவிடும். இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலைதான். போட்டியில் டிரக்கை ஓட்டுவது டெல்மர், பழுது பார்ப்பது நான். கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொண்ட பங்கு.

டெல்மர் டார்ச் பிடித்தான். போல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி வெளிச்சம் விழுந்தது. "இங்க பிடி"ன்னேன். "இங்கதானே பிடிச்சிருக்கேன்" என்றான்.

ஏப்ரல் 15

அவனுக்குக் கண் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேரே இருப்பது தெரியவில்லை. என்னோடு பேசும்போது என் காதைப் பார்க்கிறான். கேட்டால் வெயில் கூசுகிறதாம். ஒரு வாரமாக ஒஹாயோ முழுக்க மழை. என்ன வெயில்?

மே 3

நம் மாவட்டப் பொருட்காட்சியில் நடக்கும் பளு இழுக்கும் போட்டியில் இந்த வருடம் ஜெயித்தே தீருவானாம். பத்தொன்பது வருடத்தில் மூன்று முறை இரண்டாமிடம். அதற்குத்தான் புது மேனிஃபோல்டு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளப் புது டர்போ. அவன் ஓட்டும் வகுப்பில் டர்போவின் வாய் இரண்டு புள்ளி ஆறு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. "அந்த அளவுக்குள்ள எது நல்லதோ அதை வாங்கு லவோன், என்ன விலையா இருந்தாலும் சரி."

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். டெல்மர், உன் கண்ணைப் பத்திப் பேசணும். அவ்வளவுதான், ஒரு வரி. அவன் ஃபோர்க்கால் தட்டின் காலி இடத்தைக் குத்திக்கொண்டிருந்தான். உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மே 4

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 21

புது டர்போ வரவில்லை. புது மேனிஃபோல்டில் பழையதையே மாட்டி, நார்பர்ட்டின் சோள வயலோரத்து மண் தடத்தில் ஓட்டிப் பார்த்தோம். நார்பர்ட் எங்கள் நண்பன், போட்டிகளில் கொடி காட்டுபவன். பின்னால் பளுவண்டி. டிரக் இழுக்க இழுக்க அதன் பளு முன்னே ஏறி அமுக்கும். யார் அதிக தூரம் இழுக்கிறாரோ அவருக்கு ஜெயம். தடத்தின் முடிவில் நார்பர்ட் சிவப்புக் கொடியை உயர்த்தினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்.

உயர்த்தினான். டெல்மர் எடுக்கவில்லை. நார்பர்ட் சோளத்துக்குள் பாய்ந்தான். டிரக்குக்கும் அவனுக்கும் நடுவே ஒரு அடி, ஒன்றரை அடி இருக்கும்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே சிரிக்கிறான் அந்த மனுஷன். "ஏண்டா, பிரேக்கை வித்துட்டியா?" டெல்மரும் சிரித்தான். "நீ குறுக்க நின்னா நான் என்னடா பண்றது? உன் தொப்பையைச் சுத்திக்கிட்டுப் போக டீசல் பத்தாது."

நான் சிரிக்கவில்லை. நார்பர்ட்டுக்கு ஆறு பேரப்பிள்ளைகள். பொருட்காட்சித் தடத்தில் சோளம் இருக்காது, சிமெண்ட் தடுப்புச் சுவர்தான் இருக்கும்.

ஜூன் 23

ஒரு வழி தோன்றியது. நல்ல வழி இல்லை.

டர்போ கடைக்குப் போன் செய்து ஆர்டரை மாற்றினேன். இரண்டு புள்ளி எட்டு. போட்டிக்கு முன் பரிசோதகர் அளவுக்கட்டையை வைத்துப் பார்ப்பார். டிரக் தகுதியிழக்கும், டெல்மர் ஓட்டமாட்டான். கண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். லவோன் அளவில் கோட்டை விட்டாள் என்று ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசட்டும்.

ஜூலை 12

பெட்டி வந்தது. அளவு பெரிய எழுத்தில் பக்கவாட்டிலேயே அச்சாகியிருந்தது. டெல்மர் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு "அளவு சரிதானே?" என்றான்.

"சரிதான்"னேன்.

அவனால் படிக்க முடியாது என்பதை வைத்தே அவனை ஏமாற்றினேன். இவ்வளவு கேவலமான காரியம் நான் செய்ததே இல்லை.

ஜூலை 20

மாட்டி முடித்தேன். ஸ்டார்ட் செய்ததும் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. டெல்மர் சின்னப் பிள்ளை மாதிரி என்னைக் கட்டிக்கொண்டான். போய் வெளியே நின்று அழுதேன்.

ஆகஸ்ட் 9

நினைத்தபடியே நடந்தது. பரிசோதகர் ஹரால்டின் அளவுக்கட்டை டர்போவின் வாய்க்குள் போகக்கூடாது. போனது, போய் ஆடியது. ஹரால்ட் என்னைப் பார்த்தார். "லவோன், நீயா இப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் டெல்மர் முன்னால் வந்தான். "அவளைச் சொல்லாதீங்க. தப்பு என்னோடது. அளவை நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். காரை நான்தான் ஓட்டினேன்; வீடு வரும் வரை என் முழங்காலில் தட்டிக்கொண்டே வந்தான். "விடு, யாருக்கும் நடக்கிறதுதான்." கார் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடலாம் போலிருந்தது.

ஆகஸ்ட் 10

காலையில் விசில் அடித்துக்கொண்டு வருகிறான். "பக்கத்து மாவட்டத்துல ரெண்டு வாரத்துல மூணு அங்குல வகுப்பு இருக்கு. நம்ம டர்போ அதுக்குள்ள அடங்கிடும்! பேரைக் குடுத்துட்டேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அவனை நிறுத்துவதற்காக இன்னும் வேகமான டிரக்கைச் செய்து கொடுத்திருக்கிறேன். நான். என் கையால்.

ஆகஸ்ட் 19

பத்து நாளில் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. டிரக் ஓடாதபடி எதைக் கழற்றி வைத்தாலும் கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவான். அங்கேயும் கொடி காட்டப்போவது நார்பர்ட்.

ஆகஸ்ட் 23

டெல்மரின் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். டிரக் தடத்துக்கு வந்தது. பளுவண்டியைக் கோத்தார்கள். தடத்தின் கடைசியில் நார்பர்ட் கொடியோடு, நட்ட நடுவில்.

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. "அவனுக்கு நேர்ப்பார்வை கிடையாது நார்பர்ட். நீ நிக்கிறதே அவனுக்குத் தெரியாது"ன்னு கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் கத்தினால்தானே கேட்கும்? வேலியோரம் இருந்தவங்க எல்லாருக்கும் கேட்டுடுச்சு.

நார்பர்ட் தடம் முழுக்க நடந்துபோனான். டிரக்கின் முன்னால் நேராக நின்று கையை உயர்த்தினான். "டெல்மர், எத்தனை விரல்?"

"ரெண்டுடா. என்ன விளையாட்டு இது? தள்ளு."

நார்பர்ட் விரலே நீட்டவில்லை. கையை மூடி வைத்திருந்தான். கூட்டம் மொத்தமும் பார்த்தது.

டெல்மர் சாவியைத் திருப்பி அப்படியே அணைத்தான். சூடான டர்போவை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு ஆற வைக்காமல் அவன் அணைத்து நான் பார்த்ததில்லை. என் பக்கம் திரும்பவில்லை. நார்பர்ட்டின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனான்.

செப்டம்பர் 2

பேசவில்லை.

செப்டம்பர் 14

பேசவில்லை. கொட்டகையில் கட்டில் போட்டுக்கொண்டான். இருபத்தாறு வருடம். என்ன பெண் நான்?

செப்டம்பர் 27

இண்டியானாக்காரர் ஒருவர் டிரக்கை வாங்கிக்கொண்டு போனார். யார் இதைக் கட்டியது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. டெல்மரும் சொல்லவில்லை.

அக்டோபர் 8

இன்று காலை டெல்மர் சமையலறைக்கு வந்தான். டாக்டர் கொடுத்த மாத்திரைப் புட்டியை மேசை மேல் என் பக்கம் தள்ளினான். "இதுல என்ன போட்டிருக்கு?"

தன்னால் பார்க்க முடியாததை அவன் என்னிடம் கேட்பது இதுதான் முதல் தடவை. படித்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. தண்ணீர் ஊற்றிக் கையில் கொடுத்தேன். விழுங்கினான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அத்தனை பேர் முன்னால சொன்னியே" என்றான். கோபமாகக்கூட இல்லை. "இங்க, இந்த மேசையில வச்சு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன் லவோன்."

கேட்டிருப்பானா? ஏப்ரலிலிருந்து யோசித்திருக்கிறேன், கேட்கமாட்டான் என்று சத்தியம் செய்திருப்பேன். ஆனால் நான் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.