புகைக் கொட்டகை யாருடையது

சார்,

முதலில் ஒரு திருத்தம். லாரிகளையெல்லாம் விற்றுவிட்ட கிழவி பொறாமையில் மற்றவர்கள் வண்டியை மறிக்கிறாள் என்று கடற்கரைச் சாலையில் பேசிக்கொள்கிறார்கள். நான் விற்றது ஒரு லாரியை மட்டும். மற்ற இரண்டும் இன்றைக்கும் உப்பு ஏற்றுகின்றன. நான் யாருடைய வண்டியையும் மறிக்கவும் இல்லை. லாரிப் புகையைச் சோதிக்கத் துறைமுகத்துக்குள் நாம் தொடங்கிய புகைக் கொட்டகையை மூடக்கூடாது என்று கேட்கிறேன், அவ்வளவுதான். கிழவி என்பது சரி. அதைத் திருத்தவில்லை.

இன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒரு லாரி என்னைக் கடந்து போனது. அதன் பின்னாலேயே மண்ணெண்ணெய் வாடை வந்தது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் கிளம்புகிற, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காத அந்த வாடை. சில வருடங்களாக இந்தச் சாலையில் அதை நான் முகர்ந்ததில்லை. முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன். அப்போது உங்களை நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால், "நல்ல வாடையாப் பாத்து என்னை நினைச்சியளேம்மா" என்று சிரித்திருப்பீர்கள்.

துறைமுகத்தின் இயந்திரப் பிரிவுக்கு நீங்கள் என்ஜினீயராக வந்தபோது என் கணவர் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய லாரிகளை நான் நடத்துவேன் என்று சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. புதுத் துறைமுகத்தின் வேலை நடந்துகொண்டிருந்த காலம். கல் ஏற்றிய லாரிகள் ஒரு பக்கம், உப்பு ஏற்றிய லாரிகள் ஒரு பக்கம். டீசல் விலை ஏற ஏற மண்ணெண்ணெய் கலப்பதும் ஏறியது. அதை யாரும் மறைக்கக்கூட இல்லை. உப்பு இறக்கும் இடத்தில் வண்டிகள் வரிசையாக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே நிற்கும். பாட்டரி செத்த வண்டிகள். அணைத்தால் பத்துப் பேர் தள்ளித்தான் மறுபடி கிளப்ப வேண்டும். முன்னால் நிற்கும் வண்டியின் புகை, பின்னால் நிற்கும் வண்டியில் திறந்து கிடக்கும் உப்பின் மேல் படியும். கல்கத்தாவுக்குப் போகிற உப்பில் மேலாகக் கறுத்ததை வியாபாரிகள் வழித்துக் கொட்டிவிட்டு ஏற்றினார்கள். மூட்டை தூக்கிய ஆட்கள் காறித் துப்பினால் அதுவும் கறுப்பாக வந்தது. அவர்கள் நெஞ்சில் படிந்ததை யாரால் வழித்துக் கொட்ட முடியும்?

ஒரு நாள் சாயங்காலம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். லாரி உரிமையாளர் சங்கத்தில் இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கோயில் ஊர் வைணவக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் குசினியில் மீன் மணக்கும் என்று தெரிந்தும் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். மனு எழுத வேண்டாம் என்றீர்கள். வண்டிகளின் புகையைச் சோதித்துப் பழுது பார்க்கத் துறைமுகம் ஒரு பழைய கொட்டகையையும் ஒரு மெக்கானிக்கையும் தரும். சங்கம் உதிரிச் சாமான்களைத் தர வேண்டும். கலப்படம் இல்லாத டீசலுக்குப் பொதுவாக ஒரு தொட்டி வைத்துப் பராமரிக்க வேண்டும். புகை அடங்கிய வண்டிக்கே இறக்கும் வரிசையில் முதல் இடம். அதுதான் உங்கள் திட்டம்.

"நான் ஆர்டர் போட்டா வண்டிக்காரன் வேற கேட் வழியா வருவான். நீங்க மட்டும் செஞ்சா பக்கத்து வண்டிக்காரன் சிரிப்பான். சேந்து செஞ்சா ரெண்டு பேருக்கும் ஓடிப்போக வழியில்லை" என்றீர்கள்.

சங்கக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அதிக லாரி வைத்திருந்த அண்ணாச்சி, இப்போது சங்கத் தலைவராக இருப்பவர், முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புகை கக்கினால்தான் வண்டி இழுக்கும் என்பது அவருக்கு வேதவாக்கு.

"வண்டின்னா புகை விடத்தாம்மா செய்யும். மனுசன் மூச்சு விடாண்டாமா?" என்றார்.

"மூச்சு விடட்டும் அண்ணாச்சி. எதுத்தாப்ல நிக்கவன் மூஞ்சில இருமாண்டாம்" என்றேன்.

கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்காமல் உங்கள் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தீர்கள். புகைக்குழாயின் வாயில் துணியைப் பிடித்துப் பார்ப்பது உங்கள் யோசனை. உடனே சண்டை தொடங்கியது. துணி முன்னமே அழுக்கு என்றார் ஒருவர். கரி எது, சாலைப் புழுதி எது என்றார் இன்னொருவர். அப்போதுதான் நான் உப்பை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இந்தக் கரையில் துணியின் வெண்மையைப் பற்றி யாரும் பொய் சொல்லலாம். உப்பின் வெண்மையைப் பற்றிச் சொல்ல முடியாது. உப்பு வியாபாரிகளின் கண் அதற்கென்றே பழகியது. ஒரே அம்பாரத்திலிருந்து இரண்டு சுளகு உப்பு. ஒன்று லாரியின் புகைக்குழாய்க்குப் பின்னால், மற்றது எட்டத்தில், காற்றுப் படாத இடத்தில். எஞ்சினை முறுக்கிவிட்டு நிறுத்திய பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வியாபாரி ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. அண்ணாச்சிகூட மறுக்கவில்லை.

முதல் வண்டி என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நானே சொன்னேன். டிரைவர் மிக்கேல் அதற்காக வண்டியைக் கழுவி, முன்கண்ணாடியில் மாதா படத்துக்கு மாலை போட்டுக் கொண்டுவந்திருந்தான். உப்பு சாம்பல் நிறமானது. வியாபாரி ஒன்றும் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கொட்டகையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு பழைய துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

நீங்கள் என் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறது. முதல் புகையில் நீர் இருக்கும். அது உப்பை நனைத்துக் கரியைப் பிடித்து வைக்கும். சூடாக்கிவிட்டு மறுபடி பார்ப்போம். நீங்கள் சொன்னது சரிதான். அடுத்த வண்டியிலிருந்து எல்லாவற்றையும் சூடாக்கிய பிறகே சோதித்தோம். ஆனால் அந்த இரண்டாவது தடவையை என் வண்டிக்கு நான் வாங்கவில்லை. அம்மா வண்டி என்பதால் மறுபடி பார்த்தார்கள் என்று ஒருவன் சொல்லிவிட்டால் கொட்டகை அன்றைக்கே முடிந்தது. பழுது பார்க்கும்வரை வண்டியை ஓட்டாமல் நிறுத்தச் சொன்னேன்.

"ஊருக்கு முன்னால நம்ம வண்டியவே நிப்பாட்டிட்டியளேம்மா" என்றான் மிக்கேல். என் முகத்தைப் பார்க்காமல் மாலையைக் கழற்றினான். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது டீசல் தெளிக்கும் நாசில்கள் தேய்ந்து போயிருந்தன. அதைச் சொல்லி என்னைத் தேற்ற வந்தீர்கள். தேற்றிக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அது பெருமைக்குச் சொன்னதல்ல. அடுத்த வாரம் அண்ணாச்சியே தன் வண்டிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். "அம்மா வண்டியே நிக்கும்போது என் வண்டிக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் கேட்க விரும்பியது அதைத்தான்.

அதன் பிறகு நடந்ததை யாரும் செய்தியாக எழுதவில்லை. பொதுத் தொட்டியில் நல்ல டீசல் கிடைத்ததால் கலப்பவர்கள் குறைந்தார்கள். பாட்டரியைக் கவனித்ததால் வரிசையில் எஞ்சினை அணைத்து நிற்கப் பழகினார்கள். புகை விடாத வண்டியும் பாரம் இழுக்கும் என்று டிரைவர்கள் தாங்களே கண்டுபிடித்ததைப் போல் பேசினார்கள். கிட்டங்கிக்குள் மூட்டை நகர்த்த நீங்கள் பாட்டரியில் ஓடும் தள்ளுவண்டி ஒன்றை வரவழைத்தீர்கள். வாங்கியது துறைமுகம், பராமரித்தது வியாபாரிகள். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நின்றதால் ஆட்கள் அதை ஊமை வண்டி என்றார்கள். பயந்துபோய் மாட்டுக் கழுத்து மணி ஒன்றை அதில் கட்டிவிட்டார்கள். மேலிடத்திலிருந்து பார்க்க வந்த அதிகாரிக்கு அந்த மணி ஏன் என்று விளக்க நீங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போனதே இல்லை. இந்த ஏற்பாட்டை எழுத்தில் வைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "எழுதினா மேல அனுப்பணும்மா. மேல போனது எது திரும்பி வந்திருக்கு? பேசி வச்சது போதும்" என்பீர்கள். நீங்கள் இருந்தவரை அது போதுமாகத்தான் இருந்தது. உங்கள் சொல்லை இரண்டு பக்கமும் நம்பினார்கள். நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போனீர்கள். ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. நான் பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உப்பு அம்மா நீங்கதானே" என்று கேட்டார்கள். வீட்டில் என்னை அப்படித்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். கொட்டகையைச் சாமான் வைக்கும் இடமாக மாற்றப் போகிறார்கள். உங்கள் நாற்காலியில் இருப்பவரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்கார வைத்தார். லாரிக்காரர்களுக்கே அக்கறை விட்டுப்போய்விட்டது, துறைமுகம் தனியாக என்ன செய்யும் என்றார். அப்படி ஓர் ஏற்பாடு இருந்ததற்கு அலுவலகத்தில் காகிதமும் இல்லையாம். அங்கிருந்து நேரே அண்ணாச்சியிடம் போனேன். "கவர்மெண்டு எடம்மா. அவுஹ மூடுதாஹ. நம்ம என்ன பேச முடியும்?" என்றார். தொட்டியில் இப்போது டீசல் நிரப்புவதில்லை என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். ஓடிப்போக வழியில்லை என்றீர்களே சார். ஒருவரை ஒருவர் கைகாட்டினால் இரண்டு பேருமே ஓடிவிடலாம் போலிருக்கிறது.

நான் ஓடப்போவதில்லை. எதிரே லாரி வந்தால் மற்றவர்கள் அதன் முகத்தைப் பார்ப்பார்கள். நான் இன்னும் திரும்பி நின்று புகைக்குழாயைப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் உங்களிடமிருந்து வந்தது. அதை விட என்னால் முடியாது, விடவும் விருப்பமில்லை. என் இரண்டு வண்டிகளும் வரும் திங்கட்கிழமை வழக்கம்போல் கொட்டகை வாசலில் சோதனைக்கு நிற்கும். மெக்கானிக் இல்லையென்றால் நான் அழைத்து வருவேன். தொட்டிக்கு முதல் டீசல் என் செலவு.

உங்களுக்கு எழுதிய இந்த மடலை நானே இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று துறைமுக அலுவலகத்துக்கு, ஒன்று சங்கத்துக்கு. இனி வருவது அவர்களுக்கு.

ஐயா, அண்ணாச்சி: புகைக் கொட்டகை தொடருமா, தொடராதா? தொடரும் என்றால் எந்தப் பொறுப்பு துறைமுகத்துக்கு, எந்தப் பொறுப்பு சங்கத்துக்கு? இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்திட்டு எனக்குப் பதில் அனுப்புங்கள்.