இருபத்தேழாம் நம்பர் சட்டை

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் நலமென்றால் எனக்கு அதுவே போதும், நான் நடமாட்டமாகத்தான் இருக்கிறேன். என் எழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்பாயே, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா மகள் எழுதுகிறாள்.

அம்மாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டாயிற்று. நீ போனில் கேட்டபோது கடையில் ஆள் காத்திருக்கிறது என்று வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அடுப்பைத் திறந்துவிட்டு மறப்பதும் யாருக்கும் தெரியாமல் தெருவில் இறங்கி நடப்பதுமாக இருந்தாள், இந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எத்தனை காலம்தான் காவல் இருக்கும். நீ சொன்னதுதான் சரி, உன்மேல் குறையில்லை. அங்கே எல்லார் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைப்பார்களாம், அதனால் ஒவ்வொன்றிலும் நம்பர் தைத்து அனுப்பச் சொன்னார்கள், அம்மாவுக்கு இருபத்தேழு. டெய்லர் வீட்டில் அதற்கு ஆளா தேட வேண்டும், மடித்து வைத்திருந்த குவியலை மெஷின் பக்கத்தில் போட்டுக்கொண்டு சிவப்பு நூலில் வரிசையாகத் தைத்தேன். பெட்டியில் அடுக்கும்போது இவள், என்ன தாத்தா, உங்க சட்டையிலயும் இருபத்தேழு போட்டு வச்சிருக்கீங்க என்று சிரித்தாள், சிரித்தவள் அப்படியே அழுதுவிட்டாள், இதை எழுத மாட்டேன் என்று இப்போதும் வெட்கப்படுகிறாள். எங்கள் இருவர் துணியும் என்றைக்குத் தனித்தனியாக இருந்தது, கை தன் பாட்டுக்குத் தைத்துவிட்டது. பிரிக்க மனமில்லாமல் அதையே போட்டுக்கொண்டு திரிகிறேன். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேட்ரனைக் கேட்டுப் பார்த்தேன். ஆம்பளைங்க பக்கம் கட்டில் இல்லைங்க ஐயா, காலியானா சொல்லி அனுப்பறேன் என்றாள். அங்கே கட்டில் எப்படிக் காலியாகும் என்று எனக்குத் தெரியாதா, அதை வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை.

நேற்று போனேன். அவசரத்தில் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏங்க டெய்லர், எங்க வீட்டுக்காரர் சட்டை என்னாச்சு, போட்டுக்க நல்ல சட்டை இல்லாமதான் அவர் என்னைக் கூட்டிட்டுப் போக வரல என்றாள். வெள்ளிக்கிழமை கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன் என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்தான், ஒருவரும் நம்பியதில்லை. அவள் நம்பிவிட்டாள்.

லீவு கேட்டு ஒருமுறை வந்து போ, தள்ளிப்போடாதே. உன்னை யார் என்று கேட்டாலும் முகம் வாடாமல் பக்கத்தில் உட்கார். வேளைக்குச் சாப்பிடுங்கள். இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா