ஆலிப்பூரில் ஒரு ஞாயிறு

அன்பு மகளுக்கு,

கல்கத்தாவில் நல்ல குளிர். ஞாயிறன்று, முன்பெல்லாம் நாம் ஜனவரிதோறும் போனதுபோல, ஆரஞ்சும் வேகவைத்த முட்டையும் எடுத்துக்கொண்டு மிருகக்காட்சிசாலைக்குப் போனேன். புல்வெளியில் பாய் விரித்திருந்த ஒரு குடும்பம் என்னையும் உட்காரச் சொன்னது.

"தனியாவா வந்தீங்க, காக்கு?" என்று அந்த வீட்டுப் பெண் சித்தப்பா முறை வைத்துக் கேட்டாள்.

"இல்லம்மா, பொண்ணும் மாப்பிள்ளையும் டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க."

மூன்று வருடமாக 'அந்தப் பையன்' என்றே சொல்லிவந்த எனக்கு, மாப்பிள்ளை என்ற சொல் எப்படி வந்ததென்று தெரியவில்லை. அவள் உடனே பிள்ளைகளை நகர்த்தி, உங்கள் இருவருக்கும் பாயில் இடம் ஒதுக்கினாள். அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

குளிர் போவதற்குள் இருவரும் வாருங்கள். அவருக்கு ஈச்சவெல்ல சந்தேஷ் பிடிக்குமா என்று எழுது. எனக்கு அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

உன் அப்பா