சோலையம்மாளுக்கு என்ன கூலி

லாரிகளுக்குப் பேர் எழுதும் பூமிநாதன் விடிகாலையில் உச்சிப்புளிக்குக் கிளம்பியபோது, அவன் மனைவி முருகேஸ்வரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

நேற்றுச் சாயங்காலம் லாரிக்கார வீரையா வந்து, உச்சிப்புளியில் நிற்கும் தன் வண்டி முகப்பில் மகள் பேரை எழுத என்ன கூலி என்று கேட்டார். வாய்ப் பழக்கத்தில் "எழுத்துக்கு நாலணா" என்று சொல்லிவிட்டான். பேர், சோலையம்மாள். ஐப்பசியில் காய்ச்சல் கண்டு இறந்துபோன அவர்கள் மகளுக்கும் அதே பேர்.

"பிள்ளை பேருக்கு விலை சொல்லிட்டீகளே" என்ற முருகேஸ்வரி, சோற்றைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சிமெண்டுப் பைக் காகிதத்தைக் கிழித்து, அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி பெரிதாக எழுதினான்:

"கஞ்சி உறியில இருக்கு. மோர் ஊத்திக் குடி, நேத்தும் நீ சாப்பிடல. சாவி மாடக்குழியில. வீரையா வந்து முன்பணம் நீட்டுவாரு, வாங்காத. வண்டி நெத்தியில எழுதுற சாமி பேருக்கு நாம கூலி வாங்குறதில்லைல்ல, இந்தப் பேரும் அதுல சேந்ததுன்னு சொல்லிரு. ஊர் பேருக்கும் நம்பருக்கும் குடுத்தாப் போதும்."

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். காகிதத்தில் இடமில்லை. அடியில் நெருக்கி எழுதினான்:

"பொழுது சாய வண்டி மதுரைக்குப் போகையில நம்ம வாசல்ல நிறுத்தச் சொல்லுதேன். அன்னைக்கு நீ மயங்கிக் கிடக்கையிலேயே பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டோம், முகம்கூடப் பாக்க விடல. இன்னைக்கு நீ வெளிய வந்து பேரைப் பாத்தப்புறந்தான் வண்டி நகரும்."